சராசரி வயலில் யாரும் விதைப்பதில்லை

ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் முன்னால் ஒரே கதைதான் வருகிறது. "எங்கட ஆக்கள் இன்னும் பழைய விதையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாங்க. இந்தியாவப் பாருங்க, சீனாவப் பாருங்க, ஹைபிரிட் போட்டு எங்கேயோ போயிற்றாங்க." கருத்தரங்கிலும் இதுதான், முகநூலிலும் இதுதான், தேத்தண்ணிக் கடையிலும் இதுதான். சொல்லுகிறவர் கையில் ஒரு இலக்கம் இருக்கும்: ஏக்கருக்கு இத்தனை புசல். அந்த இலக்கத்தைக் கேட்டதும் எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

நாங்கள் வாயை மூடுவதாக இல்லை. விளைச்சல் கூட வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? எங்கள் வீடுகளில் அரைவாசி இன்னும் வேளாண்மைக் காசில்தான் ஓடுகிறது. எங்கள் கேள்வி ஒன்றுதான். அந்த இலக்கம் எந்த வயலில் விளைந்தது?

வாவியை நடுவில் வைத்துப் பார்ப்போம். கிழக்கே எழுவான்கரை: கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். மேற்கே படுவான்கரை: எங்கள் நெல்லின் பெரும்பகுதி விளையும் பக்கம். படுவான்கரை என்று ஒரு பெயர் வைத்துவிட்டோமே தவிர, அது ஒரு நிலம் இல்லை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டை வேறு, மழையை மட்டும் நம்பி முன்மாரியில் விதைக்கும் மேட்டுக் காணி வேறு. வாவி ஓரத்துப் பள்ளத்தில் மார்கழியில் வெள்ளம் நிற்கும், கோடையில் உவர் ஏறும். அதே ஓரத்தில் இருந்து ஒரு மைல் உள்ளே போனால் உவரும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரே வட்டவிதானையின் பொறுப்பில் உள்ள வட்டைக்குள்ளேயே மேல்வயலுக்கும் கீழ்வயலுக்கும் விளைச்சல் ஒன்றாக வராது. இது விவசாயம் படித்தவர் சொல்லித் தெரிய வேண்டிய விசயம் இல்லை, வரம்பில் நடந்தவர் எல்லாருக்கும் தெரியும்.

விஞ்ஞானத்துக்கும் இது தெரியும், அதுவும் நூறு வருசமாக. புள்ளிவிபரவியலின் தந்தை என்று சொல்லப்படும் ஃபிஷர் 1923இல் மக்கென்சியுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையே உருளைக்கிழங்கு இனங்களும் பசளையும் பற்றியதுதான். பசளைக்கு ஏற்ப இனங்கள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றனவா என்று கேட்ட கட்டுரை அது. 1963இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஃபின்லேயும் வில்கின்சனும் 277 பார்லி இனங்களைப் பல இடங்களிலும் பல பருவங்களிலும் வைத்து அளந்தார்கள். சில இனங்கள் நல்ல இடத்தில் துள்ளிக்கொண்டு ஏறும், கெட்ட இடத்தில் விழுந்துவிடும். சில இனங்கள் நல்ல இடத்தில் பெரிதாக ஏறாது, கெட்ட இடத்தில் விழவும் விழாது. ஆக, விளைச்சல் என்பது விதையின் குணம் மட்டும் இல்லை. விதையும் இடமும் சேர்ந்து பெறும் பிள்ளை அது. ஒருவரை மட்டும் பிடித்துப் பாராட்டவும் முடியாது, ஏசவும் முடியாது.

கணக்குக்காக ஒரு உதாரணம் வைப்பம். ஒரு விதை நல்ல வயலில் ஏக்கருக்கு 120 புசல், கெட்ட வயலில் 30. மற்றது நல்ல வயலில் 80, கெட்டதில் 60. முதலாவதின் சராசரி 75, இரண்டாவதின் சராசரி 70. துண்டுப்பிரசுரம் முதலாவதுக்குத்தான் பரிசு கொடுக்கும். சரி, உழவு, பசளை, எண்ணெய், வெட்டுக்கூலி எல்லாம் சேர்த்துச் செலவு 50 புசல் நெல்லின் பெறுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வயலும் கெட்ட வயலுமாக நாற்பது ஏக்கர் வைத்திருக்கும் போடியாருக்கு முதலாவது விதை லாபம்தான், ஒரு பக்கம் போனது மறுபக்கம் வந்துவிடும். வாவி ஓரத்தில் இரண்டு ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறவருக்கு? அவரிடம் "மறுபக்கம்" என்று ஒன்று இல்லையே. அவருக்கு 30 தான் விளைச்சல், 20 தான் கடன். மறுகா நகை அடகுக் கடைக்குப் போகும், அதுவும் முடிந்தால் நுண்கடன்காரர் வாசலுக்கு வருவார்.

இதனால்தான் சராசரி என்ற சொல்லோடு எங்களுக்குச் சண்டை. அது பெரிய காணிக்காரரின் அனுபவத்தை எல்லாருடைய அனுபவமாகவும் மாற்றிச் சொல்கிறது. சராசரி வயலில் யாரும் விதைப்பதில்லை. தன் வயலில்தான் விதைக்கிறார்கள்.

இப்போது இந்தியாவைப் பார்ப்போம், பார்க்கச் சொன்னீர்களே. நெல்லை விடுங்கள், ஹைபிரிட்டின் முழுக் கதையும் கிடப்பது பருத்தியில். மருதமுனைத் தறிகளில் ஓடுகிற நூல் பெரும்பாலும் இந்தியாவில் இருந்து வருவது. ஆகவே இது எங்களுக்கு அந்நியமான கதையும் இல்லை.

1970இல் குஜராத்தின் சூரத் ஆராய்ச்சி நிலையத்தில் சி.ரி. படேல் ஒரு கலப்பினப் பருத்தியை வெளியிட்டார். அதன் பெயர் எச்-4. வணிக அளவில் பயிரிடப்பட்ட உலகின் முதல் கலப்பினப் பருத்தி அதுதான். இரண்டு வருசத்தில் தார்வாட்டில் இருந்து வரலட்சுமி வந்தது. இரண்டும் அரசாங்க ஆராய்ச்சியில் பிறந்தவை, நல்ல மண்ணும் நீர்ப்பாசனமும் உள்ள இடத்தில் நன்றாகவே விளைந்தன. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பருத்திப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாக இருக்கும். கலப்பின விதை வேண்டும் என்றால் மாலையில் ஒவ்வொரு மொட்டாகத் திறந்து மகரந்தத் தாள்களைக் கையால் கிள்ளி எறிய வேண்டும், மறுநாள் காலை வேறு செடியின் மகரந்தத்தைக் கையால் தடவ வேண்டும். லட்சக்கணக்கான மொட்டுகள். இந்த வேலையைச் செய்தது யார் தெரியுமா? ஆந்திராவிலும் குஜராத்திலும் கர்நாடகத்திலும் பெரும்பாலும் பெண்பிள்ளைகள், பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில். "அதிசய விதை"யின் விலையில் அந்தப் பிள்ளைகளின் கூலிக்குறைவும் அடங்கியிருந்தது.

அடுத்தது 2002. புழுவைக் கொல்லும் பி.ரி. மரபணு சேர்த்த பருத்திக்கு இந்தியா அனுமதி கொடுத்தது. கவனிக்க வேண்டிய இடம் இது. அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் அந்த மரபணு வந்தது சாதாரண இனங்களில், அதாவது மறுபடி விதைத்தால் அதே மாதிரி முளைக்கும் இனங்களில். இந்தியாவில் கம்பனிகள் அதைக் கலப்பினங்களில் மட்டும்தான் கொண்டுவந்தன. ஏன்? இந்தியச் சட்டம் விவசாயி விதையைச் சேமிக்கலாம் என்கிறது. கலப்பின விதையைச் சேமித்து விதைத்தால் அடுத்த தலைமுறை நெட்டையும் குட்டையுமாகப் பிரிந்துபோகும். சட்டம் போட முடியாத பூட்டைச் செடிக்குள்ளேயே போட்டுவிட்டார்கள்.

விதை விலை கூடியபோது விவசாயி என்ன செய்வார்? ஐதாக நடுவார். மற்ற நாடுகளில் ஹெக்டேருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் செடி நின்றபோது, இந்திய வயல்களில் இருபதாயிரம்கூடத் தேறவில்லை. ஐதாக நின்ற செடி பெரிதாகப் படர்ந்து, ஆறு மாதத்துக்கு மேல் நின்று காய்த்தது. குழாய்க் கிணறு உள்ள குஜராத் காணிக்கு அது பரவாயில்லை. இந்தியப் பருத்தி நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மானாவாரி. விதர்பாவின் மேலோட்டமான மண்ணில் மழை நின்றபிறகுதான் காய் முற்றுகிறது. தண்ணீர் வேண்டிய நேரத்தில் தண்ணீர் இல்லை. நீண்ட நாள் நிற்கும் செடியோ இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு நீண்ட நாள் விருந்து, அந்தப் புழு பி.ரி. நஞ்சுக்கும் பழகிவிட்டது.

முடிவு என்ன? 2007-08இல் இந்தியாவின் சராசரி பஞ்சு விளைச்சல் ஹெக்டேருக்கு 550 கிலோ அளவுக்கு ஏறியது. அதற்குப் பிறகு பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு பி.ரி. கலப்பினமாக ஆகியும் விளைச்சல் அங்கிருந்து மேலே போகவில்லை, கீழேதான் வந்தது. இந்தியாவின் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கிராந்தியும் மானுடவியலாளர் கிளென் ஸ்டோனும் 2020இல் இருபது வருசத் தரவைத் தொகுத்து எழுதினார்கள். ஏறிய விளைச்சலுக்குப் பசளையும் நீர்ப்பாசனமும் பெரிய காரணம், விவசாயி இப்போது பூச்சிநாசினிக்கு பி.ரி. வருவதற்கு முன்னர் செலவழித்ததைவிடக் கூடச் செலவழிக்கிறார் என்பது அவர்களின் முடிவு.

இதே இந்தியாவில் வேறு வழியும் இருந்தது. கோயம்புத்தூரில் 1974இல் வெளியான சுவின் பருத்தி கலப்பின விதை இல்லை. சுஜாதா என்ற இனத்தையும் கரிபியன் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் பருத்தியையும் சேர்த்து, பல தலைமுறை தெரிவுசெய்து நிலைப்படுத்திய இனம். உலகின் மிக மெல்லிய நூலைத் தரும் பருத்திகளில் ஒன்று. அது இந்தியா முழுவதும் விளையாது, விளைய வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. தமிழ்நாட்டில் அதற்கு ஏற்ற சில பகுதிகளில் விளைகிறது, அவ்வளவுதான். அந்தந்த இடத்துக்கு அந்தந்த விதை என்பது பின்தங்கிய சிந்தனை இல்லை. நல்ல இனவிருத்தி என்பதே அதுதான்.

இனி எங்கள் பக்கம் வருவோம். இங்கேயும் ஒரு எச்-4 உண்டு! குஜராத்துக்குப் பன்னிரண்டு வருசம் முன்னால், 1958இல், குருநாகல் பத்தலகொட நிலையத்தில் ஹெக்டர் வீரரத்னவின் குழு வெளியிட்ட நெல் எச்-4. அதன் பெற்றோர் இரண்டு பேர்: இந்தோனேசியாவின் மாஸ், இலங்கையின் முருங்கைக்காயன் 302. ஆமாம், முருங்கைக்காயன்தான், தமிழ்ப் பெயரோடு. இந்த நாட்டின் நெல் விளைச்சலைத் தூக்கிவிட்ட விதைக்குள் அந்த முருங்கைக்காயன் இருக்கிறது. ஆனால் பெயரில் எச் இருந்தாலும் அது குஜராத் எச்-4 மாதிரி இல்லை. கலந்த பிறகு தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து நிலைப்படுத்திய இனம். அறுவடையில் இருந்து ஒரு மூடையை எடுத்து வைத்தால் அடுத்த போகத்துக்கு விதை. பக்கத்து வயல்காரருக்கும் கொடுக்கலாம், யாருக்கும் காசு கட்டத் தேவையில்லை. 1975இல் வந்த பி.ஜி. 94-1உம் அப்படித்தான். 1992இல் அம்பலாந்தோட்டை வெளியிட்ட ஏ.ரி. 354உம் அப்படித்தான். அந்த ஏ.ரி. 354, பி.ஜி. 94-1ஐக் கேரளத்தின் உப்பங்கழி நெல்லான பொக்காளியோடு சேர்த்துப் பெற்றது, உவரைத் தாங்குவதற்காகவே. காயல் ஓரத்து மக்கள் காப்பாற்றி வைத்த நெல்லின் குணம் இன்னொரு நாட்டின் உவர் வயலுக்கு உதவுகிறது. இதைவிட அழகான இனவிருத்தி வேறு என்ன வேண்டும்?

"அப்போ கலப்பின நெல் வேண்டாமா?" ஒரு சின்னக் கணக்கு. சீனாவில் கலப்பின நெல்லை நாற்று நடுகிறார்கள், ஏக்கருக்கு ஆறேழு கிலோ விதை போதும். நாங்கள் வீசி விதைக்கிறோம், ஏக்கருக்கு இரண்டு புசல், அதாவது நாற்பது கிலோ. ஒவ்வொரு போகமும் காசு கொடுத்து வாங்க வேண்டிய விதையை நாற்பது கிலோ வீசுவதா? இல்லை என்றால் நாற்று நடுவதா? நடுகிற கூலியை யார் கொடுப்பது? பத்தலகொட பி.ஜி. 407எச் என்று ஒரு கலப்பின நெல்லையும் வெளியிட்டது. அது எங்கள் வயல்களில் பரவாததற்கு விவசாயியின் "மூடத்தனம்" காரணம் இல்லை, அவருக்குக் கணக்குத் தெரியும் என்பதுதான் காரணம். சோளத்தில் என்ன நடக்கிறது என்றும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். இறக்குமதிக் கலப்பின விதை, டொலர் ஏறினால் விலை ஏறும், கப்பல் பிந்தினால் விதைப்புப் பிந்தும்.

இவ்வளவும் வாசித்துவிட்டு "அப்படியென்றால் பாரம்பரிய நெல்லுக்கே திரும்புவோம்" என்று கைதட்டுகிற நண்பர்களுக்கும் ஒரு சொல். உங்களோடும் நாங்கள் இல்லை. 2021 சித்திரை, வைகாசியில் ஒரே இரவில் இரசாயனப் பசளையை நிறுத்தியது யார், "எங்கள் முன்னோர் செய்த வேளாண்மை" என்று பேசிக்கொண்டு? அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் உற்பத்தி முந்திய வருசத்தோடு பார்க்க மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. கார்த்திகையில் கட்டளையைத் திருப்பி எடுத்தார்கள், ஆனால் வயல் அதற்குள் மஞ்சளாகிவிட்டது. ஹைபிரிட் பிரசாரகரும் அந்த இயற்கை விவசாயக் கட்டளையும் எதிரெதிர் போலத் தெரியும். உள்ளே இருவரும் ஒன்றுதான்: எல்லா மண்ணுக்கும் ஒரே மருந்து, கொழும்பில் இருந்து. பாரம்பரிய இனங்களை நாங்கள் மதிப்பது அவை பழையவை என்பதற்காக இல்லை. உவருக்கும் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் பழகிய குணங்கள் அவற்றுக்குள் கிடக்கின்றன என்பதற்காக. அந்தக் குணம் ஒரு விழாவில் மண்சட்டிக்குள் வைத்துக் காட்டுவதற்கு இல்லை, அடுத்த இனத்துக்குள் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூழல், சூழல் என்கிறோம், மழையும் மண்ணும் மட்டும்தான் சூழலா? 2011 தை மாத வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள், அறுவடைக்கு நின்ற வேளாண்மை தண்ணீருக்குள் கிடந்தது. வாவித் தண்ணீர் ஏறும் ஒவ்வொரு முறையும் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்ற கேள்வி வருகிறது. பிந்தி வெட்டினால் பள்ளக் காணிகள் மூழ்கும். முந்தி வெட்டினால் வாவி வற்றும், கடல் நீர் உள்ளே வரும், மீன்பிடிக்கிறவரின் தொழில் கெடும். இந்த முடிவை எடுப்பது வானம் இல்லை, கூட்டம் போட்டு மனிதர்கள் எடுக்கிறார்கள். ஒரு வயலில் எத்தனை நாள் வெள்ளம் நிற்கும், எவ்வளவு உவர் ஏறும் என்பதில் பாதி கச்சேரியில் தீர்மானமாகிறது. அப்படி இருக்க, விளைச்சல் குறைந்தால் மட்டும் விதையையும் விவசாயியையும் குற்றம் சொல்வது என்ன நியாயம்?

"கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு விதையில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. மரபணுவைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்தத் தெரியாது. ஆனால் ஒரு சராசரி யாரை மறைக்கிறது என்று கேட்பது எங்கள் பாடம்தான். வந்தாறுமூலையில் விவசாய பீடம் இருக்கிறது, சம்மாந்துறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கரடியனாற்றில் விவசாயத் திணைக்களத்தின் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அவர்கள் செய்கிற பல இடப் பரிசோதனைகள்தான் நாங்கள் மேலே பேசிய விஞ்ஞானம். எங்கள் சண்டை, அந்தப் பரிசோதனை ஒரே ஒரு இலக்கமாகச் சுருங்கி விவசாயியின் கைக்கு வருவதோடு.

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான்.

ஒன்று, பரிசோதனை நிலையத்து வேலிக்கு வெளியே வர வேண்டும். உவர் ஏறும் வாவி ஓரம், வெள்ளம் நிற்கும் பள்ளம், முன்மாரி மேடு, குளத்துப் பாய்ச்சல் என்று குறைந்தது நான்கு வகை நிலத்தில், விவசாயியின் காணியில், விவசாயி போடக்கூடிய அளவு பசளையோடு நடக்க வேண்டும். நிலையத்தில் நேரத்துக்குத் தண்ணீரும் பசளையும் கிடைக்கும், அது ஏழை வயல் இல்லை.

இரண்டு, முடிவுகள் இடம் இடமாக, தமிழில், கமநல சேவை நிலையச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். சராசரியோடு சேர்த்து, மிக மோசமான போகத்தில் அந்த இனம் எவ்வளவு தந்தது என்பதும் இருக்க வேண்டும். இரண்டு ஏக்கர்க்காரர் முதலில் பார்ப்பது அந்த இலக்கத்தைத்தான்.

மூன்று, பொதுப் பணம் சேமித்து விதைக்கக்கூடிய இனங்களுக்கே முதலில் போக வேண்டும். கம்பனிக் கலப்பின விதைக்கு மானியம் கொடுப்பது, விவசாயி கையில் ஒரு கடனைத் திணித்துவிட்டு அதற்கு வட்டிக்கழிவு கொடுப்பதற்குச் சமன்.

நான்கு, கன்னொறுவையில் இருக்கும் தாவர மரபுவள நிலையத்தில் கிழக்கில் இருந்து சேகரித்த நெல்லினங்கள் எவை என்ற பட்டியல் இங்கே வர வேண்டும், விதையும் வர வேண்டும். குளிரூட்டியில் தூங்குகிற விதை எங்கள் உவரை மறந்துவிடும்.

ஐந்து, முகத்துவாரம் வெட்டும் முடிவில் குத்தகை விவசாயிக்கும் மீன்பிடிக்கிறவருக்கும் வயலில் கூலிக்கு நிற்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும். சங்கத் தலைவர் வந்தார் என்று சொல்லித் தப்ப வேண்டாம்.

இவற்றில் எதுவும் வானத்து நட்சத்திரம் இல்லை. ஒரு பெரிய கருத்தரங்கின் சாப்பாட்டுச் செலவில் நாலு காணியில் பரிசோதனை தொடங்கலாம்.

அடுத்த முறை யாராவது மேடையில் ஏறி "இந்த விதை ஏக்கருக்கு இத்தனை புசல் தரும்" என்றால் கையை உயர்த்திக் கேளுங்கள். எந்தக் கரையில், எந்த வருசம், எத்தனை வயலில்? மிகக் குறைந்த வயலில் எவ்வளவு? அந்த வயல்காரர் இப்போது எப்படி இருக்கிறார்? பதில் இருந்தால் நாங்களே அந்த விதையை எங்கள் வீட்டு வயலுக்கு வாங்கிக்கொண்டு போவோம். பதில் இல்லாவிட்டால் அவர் விற்க வந்திருக்கிறார், வேளாண்மையைப் பற்றிக் கதைக்க வரவில்லை.